ஊழியத்துக்காக தான்சானியா போகிறோம்: எதற்கெல்லாம் மனதைத் தயார் செய்ய வேண்டும்?

கேள்வி:

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். நாங்கள் திருநெல்வேலிப் பக்கம். நான் லேப் டெக்னீஷியன், மனைவி நர்ஸ். தான்சானியாவில் முவான்சா பக்கம் ஒரு மிஷன் மருத்துவமனைக்குக் கிளம்புகிறோம். மகளுக்கு 7 வயது, மகனுக்கு 3. விசா, பெட்டி, மருந்து எல்லாம் விசாரித்தாயிற்று. அங்கே இருந்து வந்தவர்கள் யாராவது, மனசளவில் எதற்குத் தயாராக வேண்டும் என்று சொன்னால் உதவியாக இருக்கும். "யாரோடும் ரொம்ப ஒட்டிக்காதீங்க, கிளம்பும்போது தாங்காது" என்று பணித்தளத்திலிருந்து திரும்பிய ஒரு பெரியவர் சொன்னார். அது சரிதானா?

பதில்:

ஸ்தோத்திரம் தம்பி. நாங்களும் அதே விக்டோரியா ஏரிப் பக்கம்தான் இருந்தோம். வீட்டுக்காரர் மருத்துவர், நான் நர்ஸிங் பள்ளியில் பாடம் எடுத்தேன். பிள்ளைகள் அங்கேதான் வளர்ந்தார்கள்.

கடைசிக் கேள்விக்கு முதலில் வருகிறேன். அந்தப் பெரியவர் பட்ட பாட்டில் சொல்லியிருப்பார், அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அந்த யோசனையை மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். நன்றாக ஒட்டிக்கொள்ளுங்கள். அக்கம்பக்கத்து வீட்டு அடுப்படி வரைக்கும் போய்வாருங்கள். ஒட்டாமல் இருப்பவர்களுக்குக் கிளம்புகிற நாள் லேசாக இருக்கும், வாஸ்தவம்தான். ஆனால் அவர்கள் அங்கே இருந்த வருடங்களும் அப்படியேதான் போயிருக்கும். 1910-ல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் நம்ம வெள்ளாளன்விளை அசரியா எழுந்து, "ஏழைகளுக்கு உங்கள் உடைமையைக் கொடுத்தீர்கள், உங்கள் உடலையே கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள்" என்ற கருத்தில் பேசினார். அப்போது அவர் பிஷப் கூட ஆகவில்லை, அது 1912-ல்தான். மேலைநாட்டு மிஷனரிகள் நிறைந்திருந்த சபையில் அதைச் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்! இன்றைக்கு நாம் போய் இறங்குகிற ஊரில் கேட்கிற இடத்தில் அந்தப் பக்கத்து சுகுமா இன ஜனங்கள் இருக்கிறார்கள், கொடுக்க வேண்டிய இடத்தில் நாம் இருக்கிறோம்.

அந்த நட்பு வணக்கத்தில் ஆரம்பிக்கும். மூத்தவர்களைப் பார்த்தால் "ஷிகமூ" சொல்ல வேண்டும், அவர்கள் "மரஹபா" என்பார்கள். அதோடு முடியாது. வீட்டில் எப்படி, பிள்ளைகள் எப்படி, ராத்திரி தூங்கினீர்களா, வேலை எப்படி என்று ஒரு சுற்று போகும். சுகுமா பெண்கள் லேசாக முழங்காலை மடக்கி வணங்குவார்கள். நம்ம ஊர் ஓபி பழக்கத்தில் நேராக "என்ன செய்யுது?" என்று ஆரம்பித்தால் அங்கே மரியாதைக் குறைவு. உங்கள் மனைவி வார்டில் அந்த அரை நிமிஷத்தை ஒதுக்கினால் போதும், நோயாளி தானாகப் பேச ஆரம்பிப்பார். ஸ்வாஹிலி படிக்க, வேலையில் சேருவதற்கு முன்னாலேயே சில மாதங்கள் கொடுக்கச் சொல்லி விடாமல் கேளுங்கள். வார்த்தைகள் எல்லாம் உயிரோசையில் முடிவதால் நம்ம நாக்குக்குச் சீக்கிரம் வரும். முதல் தடவை ஒரு பாட்டியைச் சிரிக்க வைக்கிற அளவுக்குப் பேசிவிட்டீர்கள் என்றால், அந்தச் சந்தோஷத்தை எந்தச் சம்பளமும் தராது.

சாப்பாட்டுக்குப் பயப்பட வேண்டாம். மக்காச்சோள மாவில் கிண்டிய உகாலி, ம்ச்சிச்சா என்கிற கீரை, ஏரியில் பிடிக்கிற சட்டோ மீன். டகா என்று ஒரு பொடிமீன், கரையில் பரப்பிக் காயவைப்பார்கள். நெத்திலிக் கருவாடு தின்று வளர்ந்தவர்களுக்கு அது போதும். புளி, தேங்காய், பருப்பு எல்லாம் டவுனில் கிடைக்கும்.

ஒரு சந்தோஷத்தை மட்டும் விரிவாகச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் போன முதல் அறுவடைப் பண்டிகை. ஆராதனை முடிந்ததும் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. காணிக்கையாக வந்த சோளம், கரும்பு, பூசணி, கோழி எல்லாவற்றையும் கோயில் வாசலில் குவித்து ஏலம் போட ஆரம்பித்தார்கள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, ஏனென்றால் நம்ம பக்கத்து ஸ்தோத்திரப் பண்டிகையில் நடக்கிறது அச்சு அசலாக இதேதான். ஒரு வாலிபன் சேவலைக் காலைப் பிடித்துத் தூக்கிக் காட்டுகிறான், விலை ஏறுகிறது, எடுத்தவர் காசைக் கொடுத்துவிட்டுச் சேவலைத் திரும்பக் கோயிலுக்கே கொடுக்கிறார், மறுபடி ஏலம். இப்படிப் பல கை மாறி, கடைசியில் எடுத்த ஒரு விதவை அம்மா நேராக வந்து அதை என் மகன் கையில் கொடுத்தார். "விருந்தாளிக்கு" என்றார். அவர் வீட்டு நிலைமை எங்களுக்குத் தெரியும். வாங்க மாட்டோம் என்று சொல்ல நினைத்தேன், வீட்டுக்காரர் கண்ணைக் காட்டினார், இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டோம். கொடுக்கப் போகிறோம் என்று நினைத்துத்தான் எல்லோரும் கிளம்புகிறோம். வாங்கிக்கொள்ளப் பழகுங்கள், அதுவும் ஊழியம்தான்.

சரி, இனி கஷ்டமான பக்கம்.

கிழக்கு ஆப்பிரிக்காவில் கல்லறை தோண்டித்தான் ஊழியமே ஆரம்பித்தது. 1844-ல் மொம்பாசாவில் வந்து இறங்கிய ஜெர்மன் மிஷனரி கிராப்ஃப் ஐயர், அதே வருடம் சில மாதத்துக்குள் மனைவி ரோசினையும் பிறந்த பெண் குழந்தையையும் அங்கேயே அடக்கம் பண்ணினார். ஸ்வாஹிலிக்கு இலக்கணமும் அகராதியும் செய்த முன்னோடி அவர்தான், அதுவும் அந்தத் துக்கத்துக்குப் பிறகு. பகமோயோவில் 1868-ல் கத்தோலிக்க மிஷன் தொடங்கிய இடத்தில் ஒரு கல்லறைத் தோட்டம் இருக்கிறது. தார் எஸ் சலாம் போகும்போது ஒரு நடை போய்ப் பாருங்கள். காய்ச்சலில் இளவயதில் போனவர்கள் நிறைய. நமக்கு இது புதுசும் அல்ல. கால்டுவெல் ஐயர் 1841-ல் இடையன்குடிக்கு வந்தவர், 1891-ல் கொடைக்கானலில் இறந்தபோது உடலை இடையன்குடிக்கே கொண்டுவந்தார்கள். அவருக்கும் அயர்லாந்து, ஸ்காட்லாந்தில் சொந்தபந்தம் இருந்திருக்கும். அவர்கள் அழுததைப் பற்றி நாம் நினைத்ததே இல்லை. நீங்கள் கிளம்பும்போது உங்கள் அம்மா அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் அது புரிந்துவிடும்.

இப்போது மலேரியாவுக்கு மருந்து இருக்கிறது, நம் உயிருக்கு அந்தக் காலத்து ஆபத்து இல்லை. நம் தலைமுறையின் வேதனை வேறு: ஊரில் சாவு விழும்போது நாம் அங்கே இருக்க மாட்டோம். போவதற்கு முன்னாலேயே இதைக் கணவன் மனைவி இருவரும் வாய்விட்டுப் பேசிவிடுங்கள். யாருக்கு என்ன ஆனால் யார் போவது, டிக்கெட் காசு எங்கே இருக்கிறது, உங்களைத் தாங்குகிற சபை இதற்கு என்ன செய்யும். பெற்றோரிடமும் பேசுங்கள். "நீ வந்து சேரும் வரைக்கும் என் உடலை வைத்திருக்க வேண்டாம்" என்று என் அம்மாவே என்னிடம் சொன்னார். அந்த ஒரு பேச்சு பின்னால் எனக்கு எவ்வளவு பலம் கொடுத்தது என்று சொல்லி முடியாது.

இதோடு சேர்ந்த ஒரு காரியம்: மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்ட அட்டையைப் பாஸ்போர்ட்டோடு வைத்திருங்கள். நைரோபி, அடிஸ் அபாபா வழியாகத்தான் நிறைய பேர் வந்துபோகிறார்கள். அந்த நாடுகளிலிருந்து அட்டை இல்லாமல் வந்தால் இந்தியாவில் 6 நாள் வரை தனிமைப்படுத்தும் விதி உண்டு. அவசரத்துக்கு ஓடிவருகிறவனுக்கு 6 நாள் என்றால் எல்லாமே முடிந்துபோகும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். போட்ட 10 நாள் கழித்துத்தான் அட்டை செல்லும், அப்புறம் ஆயுசுக்கும் செல்லும். அங்கே தங்குவதற்கான பெர்மிட்டைப் புதுப்பிக்கப் பாஸ்போர்ட்டைக் கொடுத்திருக்கிற நாட்களில் அது யார் மேஜையில் இருக்கிறது என்பதையும் தெரிந்துவைத்திருங்கள்.

என் அம்மா இறந்தது பெருமழைக் காலத்தில். என்னால் போக முடியவில்லை. செய்தி வந்து ஒரு மணி நேரத்துக்குள் பக்கத்து வீட்டுப் பெண்கள் இடுப்பில் கிடெங்கே துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. முன்னறையில் இருந்த நாற்காலி மேஜையை வெளியே எடுத்துப் போட்டுப் பாயை விரித்தார்கள். விறகு வந்தது, சோள மாவு வந்தது, பீன்ஸ் வந்தது. ஆண்கள் வாசலில் தார்ப்பாய் கட்டி, நெருப்பு மூட்டி உட்கார்ந்தார்கள். ஒரு பள்ளிக்கூட நோட்டில் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று ஒருவர் எழுதிக்கொண்டிருந்தார். உடல் இருந்தது எங்கேயோ, துக்கவீடு நடந்தது எங்கள் வீட்டில். அம்மா போட்டோவைக் கேட்டு வாங்கி நடுவில் வைத்து, "உன் அம்மாவைப் பற்றிச் சொல்" என்றார்கள். தெரிந்த ஸ்வாஹிலியில் சொன்னேன். மறுநாள் ஊரிலிருந்து போனில் அடக்க ஆராதனையைக் காட்டினார்கள். அங்கே ஐயர் ஜெபம் பண்ண ஆரம்பித்ததும், இங்கே தமிழில் ஒரு வார்த்தை தெரியாத அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள்.

யாரோடும் ஒட்டாமல் இருந்திருந்தால் அன்றைக்கு நானும் அவரும் பிள்ளைகளும் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு அழுதிருப்போம்.

அதேபோல் அவர்கள் துக்கத்துக்கும் போய் உட்காருங்கள். வேலை இருக்கிறது என்று பத்து நிமிஷத்தில் எழுந்து வந்துவிடாதீர்கள். மழைக்காலத்தில் பிள்ளைகள் வார்டு நிறைந்துவிடும், சில குழந்தைகளைக் காப்பாற்ற முடியாது. லேப்பில் மலேரியாவுக்கு ரத்த ஸ்மியர் பார்க்கிற உங்களுக்குத்தான் அது முதலில் தெரியும். அந்த நாட்களில் உங்கள் ஜெபக்கடிதத்தில் வெற்றிச் செய்தி மட்டும் எழுத வேண்டும் என்று உங்களை நீங்களே நெருக்காதீர்கள். தாங்குகிற சபைக்கு உண்மையை எழுதுங்கள்.

கேள்வி:

ரொம்ப நன்றி அக்கா. மனைவியும் படித்துவிட்டு அழுதுவிட்டாள். பிள்ளைகளைப் பற்றித்தான் இப்போது யோசனை. பாட்டி தாத்தாவை விட்டுப் போவதே மகளுக்குப் பெரிய விஷயமாக இருக்கிறது. பின்னால் அங்கிருந்து திரும்பும்போது அவர்களை எப்படிச் சமாளிப்பது?

பதில்:

தம்பி, பெரியவர்கள் ஊழிய அழைப்பு என்று மனசைத் தேற்றிக்கொள்வோம். பிள்ளைகளை யாரும் கேட்டு அழைத்துப்போகவில்லை. அதனால் அவர்கள் அழுகையை வசனம் சொல்லி நிறுத்தாதீர்கள், அழட்டும். கொடைக்கானலில் 1901-ல் ஆரம்பித்த பள்ளிக்கூடம், நம்ம ஊரில் ஊழியம் செய்த வெள்ளைக்கார மிஷனரிகளின் பிள்ளைகளுக்காகத்தான். அம்மா அப்பா சமவெளியில், பிள்ளை மலையில். உங்கள் மகளை இந்தச் சின்ன வயதில் விடுதியில் போடச் சொல்லி யாராவது யோசனை சொன்னால், என் அபிப்பிராயம்: முடிந்த மட்டும் கூடவே வைத்திருங்கள்.

பாட்டி தாத்தாவோடு ஒரே நேரத்தில் போன் பேசுவதை வழக்கமாக்குங்கள். அங்கே நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். அங்கே சாயங்காலம் 5 என்றால் ஊரில் ஏழரை, ஜெபத்துக்கு உட்காருகிற நேரம். இரண்டு வீடும் ஒரே பாட்டைப் பாடலாம். தமிழ் எழுதப் படிக்க வீட்டில் நீங்கள்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும், அதில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒரு வருடத்தில் பிள்ளைகள் உங்களை விட நன்றாக ஸ்வாஹிலி பேசுவார்கள். ஊரே உங்களை மகள் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடும், இன்னார் அப்பா, இன்னார் அம்மா என்று. அதில் அவளுக்கு ஒரு பெருமை வந்துவிடும் பாருங்கள்.

திரும்பும் காலம் வரும்போது தேதியைப் பிள்ளைகளிடம் மறைக்காதீர்கள். சிநேகிதப் பிள்ளைகள் வீடு, பள்ளிக்கூடம், ஏறி விளையாடிய பாறை, வளர்த்த நாய் எல்லாவற்றிடமும் தனித்தனியாகப் போய்ச் சொல்லிவிட்டு வரட்டும். நாயை யாரிடம் விடுவது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். எங்கள் மகன் அதற்கு எடுத்துக்கொண்ட நேரம் நாங்கள் வீடு காலி பண்ண எடுத்துக்கொண்டதை விட அதிகம்.

உங்களுக்கும் அதேதான். சில மாதம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள், ராவோடு ராவாகக் கிளம்புகிற மாதிரி வைக்காதீர்கள். கடன் இருந்தால் அடைத்து, மனஸ்தாபம் இருந்தால் நேரில் போய்ப் பேசி முடியுங்கள். லேப்பில் உங்கள் இடத்துக்கு வருகிறவர் உங்கள் முன்னாலேயே சில வாரம் தனியாகச் செய்து பார்க்கட்டும். கட்டில், பாத்திரம், சைக்கிள் போன்றவற்றை நீங்களே பார்த்துப் பார்த்துக் கொடுத்தால் சங்கடம் வரும், சபை மூப்பர்களிடம் விட்டுவிடுங்கள், தேவை யாருக்கு என்று அவர்களுக்குத் தெரியும். "சீக்கிரம் திரும்பி வருவோம்" என்று ஆறுதலுக்காகச் சொல்லிவிடாதீர்கள். அவர்கள் அதை நம்பி எதிர்பார்ப்பார்கள்.

கடைசி வாரம் வீட்டுக்கு வீடு சாப்பாடு இருக்கும், எதையும் மறுக்காதீர்கள். சபையில் பெண்கள் பாடிக்கொண்டே வந்து உங்கள் மனைவிக்குப் புதுக் கிடெங்கேயைப் போர்த்துவார்கள், ஒன்றின் மேல் ஒன்றாக. பெட்டியில் அதற்கு இடம் விட்டு வையுங்கள். கிளம்புகிறவர்களைப் பாதி வழி வரைக்கும் கூட நடந்து வந்து அனுப்புவது அங்கே வழக்கம், அதனால் வாசலிலேயே வண்டி ஏறிவிடாதீர்கள். பெட்டியை வண்டியில் முன்னால் அனுப்பிவிட்டு அவர்களோடு நடந்து போங்கள்.

பஸ் நேரம் சொல்லும்போது மட்டும் கவனம். அங்கே விடிந்ததிலிருந்துதான் மணி எண்ணுவார்கள், நம்ம காலை 7 அவர்களுக்கு 1 மணி. முவான்சாவிலிருந்து காலை 6 மணி பஸ் என்றால் ஊராரிடம் "12 மணி" என்று சொல்லுங்கள். வழியனுப்ப நினைக்கிற ஒருவர்கூட தவறவிடக் கூடாது.