பெருங்கடல் ஒப்பந்தம்: நடுக்கடலில் யார் போய்ப் பார்ப்பார்கள்?

உப்புக்காற்று:
2026 ஜனவரி 17 முதல் ஐ.நா.வின் பெருங்கடல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்துவிட்டது. எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத கடலில், அதாவது மொத்தக் கடற்பரப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கில், இனி பாதுகாக்கப்பட்ட பகுதிகளை அறிவிக்கலாமாம். சரி, அறிவித்துவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம், கரையிலிருந்து ஆயிரம் கடல் மைல் தள்ளி ஒருவன் வலை போட்டால் அது யாருக்குத் தெரியும்? காகிதத்தோடு நின்றுவிடும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அப்படி இல்லை என்பவர்கள் உதாரணத்தோடு சொல்லுங்கள்.

ஆழிவாசி:
உங்கள் சந்தேகம் நியாயமானதுதான், அதற்கு ஒரு பழைய கதையே இருக்கிறது. தென் அரைக்கோளத்தில் கூனல் திமிங்கல வேட்டைக்கு 1963-லேயே தடை வந்துவிட்டது. சோவியத் கப்பல்கள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அவர்கள் அங்கே கொன்ற கூனல் திமிங்கலங்கள் 48,000-க்கும் மேல், கணக்கில் காட்டியதோ 2,700 சொச்சம். 1972-ல் வேட்டைக் கப்பல்களில் வெளிநாட்டுப் பார்வையாளர்களை ஏற்றிய பிறகுதான் இந்தத் திருட்டு அடங்கியது (உண்மைக் கணக்கு வெளியே வந்ததே 1990-களில், அங்கே வேலை செய்த விஞ்ஞானிகளே சொன்ன பிறகு). ஆனால் நிஜமாகவே வேட்டை நின்ற இடத்தில் பலன் கிடைத்திருக்கிறது. தென்மேற்கு அட்லாண்டிக்கில் சில நூறாகச் சுருங்கிப்போயிருந்த அதே இனம் இப்போது 20,000-ஐத் தாண்டிவிட்டது. அதனால் காகிதம் வீண் என்று சொல்ல மாட்டேன், கண்காணிக்க ஆள் இல்லாத காகிதம் வீண்.

வரைபடப்பித்தன்:
இப்போது பார்வையாளரை ஏற்றித்தான் பிடிக்க வேண்டும் என்றில்லை. பெரிய கப்பல்கள் தங்கள் இருப்பிடத்தை அனுப்பிக்கொண்டே இருக்கின்றன, கருவியை அணைத்துவிட்டால் ரேடார் செயற்கைக்கோள் காட்டிக்கொடுக்கிறது. பசிபிக்கில் கிரிபாட்டி நாடு 2015-ல் பீனிக்ஸ் தீவுகளைச் சுற்றி வணிக மீன்பிடிப்பை நிறுத்தியபோது, கப்பல்கள் அங்கிருந்து காலி செய்ததைச் செயற்கைக்கோள் தரவை வைத்தே யாரும் பார்க்க முடிந்தது. தடை மதிக்கப்பட்டது, அப்புறமும் 2021-ல் அந்த அரசு பகுதியைத் திறந்துவிடப் போவதாக அறிவித்தது, ஏனென்றால் சூரை மீன்பிடி உரிமக் கட்டணம்தான் அந்த நாட்டின் முக்கிய வருமானம். கண்காணிப்பைவிட இதுதான் எனக்குப் பெரிய சிக்கலாகத் தெரிகிறது. கடலைப் பூட்டச் சொல்லி உலகமே கைதட்டும், இழப்பு மட்டும் ஒரு சின்ன நாட்டின் தலையில்.

உப்புக்காற்று:
கிரிபாட்டி விஷயம் எனக்குப் புதிது. ஆனால் அது அவர்களுடைய 200 கடல் மைலுக்குள் நடந்தது, சொந்தக் கடல். நான் கேட்டது பொதுக்கடலைப் பற்றி. அங்கே ஒரே ஒரு நாடு முறைத்துக்கொண்டாலும் முடிந்ததே?

ஆழிவாசி:
அண்டார்டிகாவில் அப்படித்தான் நடக்கிறது. அங்குள்ள கடல் உயிர்களைக் காக்கப் பல நாடுகள் சேர்ந்து வைத்திருக்கும் ஆணையத்தில் எல்லாரும் ஒத்துக்கொண்டால்தான் எதுவும் நகரும். ராஸ் கடலில் 15.5 லட்சம் சதுர கிலோமீட்டரைக் காக்க 2016-ல் ஒருவழியாகச் சம்மதம் கிடைத்தது, கிழக்கு அண்டார்டிகாவுக்கான திட்டத்தை ரஷ்யாவும் சீனாவும் வருடக்கணக்காகத் தடுத்து வைத்திருக்கின்றன. புதிய ஒப்பந்தத்தில் இந்த ஓட்டையை அடைக்கப் பார்த்திருக்கிறார்கள்: ஒருமித்த முடிவு வராவிட்டால் நான்கில் மூன்று பங்கு வாக்கு போதும். எதிர்க்கிற நாடு காரணம் எழுதிக் கொடுத்து விலகிக்கொள்ளலாம், ஆனால் மற்றவர்களைத் தடுக்க முடியாது.

கரைவலை:
ஒன்றை விட்டுவிட்டீர்கள். ஏற்கெனவே இருக்கிற, நாடுகள் சேர்ந்து மீன்பிடிப்பை நிர்வகிக்கும் வட்டார அமைப்புகளின் அதிகாரத்தில் இந்த ஒப்பந்தம் கைவைக்காது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. பாதுகாக்கப்பட்ட பகுதி என்று அறிவித்தாலும், அங்கே வலை போடலாமா கூடாதா என்பதில் அந்த அமைப்புகளின் பேச்சுக்குத்தான் எடை அதிகம். திருட்டு மீனைத் துறைமுகத்தில் இறக்கவிடாமல் செய்ய 2016 முதலே தனியாக ஓர் உடன்படிக்கை இருக்கிறது. என்னைக் கேட்டால் கையில் இருக்கிற அதை முதலில் எல்லாத் துறைமுகத்திலும் ஒழுங்காகச் செய்யட்டும், பிடித்ததை விற்க வழியில்லாதவன் அவ்வளவு தூரம் டீசல் செலவழித்துப் போக மாட்டான்.