பழைய லப்டொப்பில் புதுப் பாட வீடியோ வெட்டி வெட்டி ஓடுது. றாம் கூட்டினால் சரிவருமா?

மாலைவகுப்பு_மல்லாவி

வணக்கம். உயர்தர மாலை வகுப்பில் புரொஜெக்டரோடு பாவிக்கிற லப்டொப் இது: இன்ரெல் கோர் ஐ3-3110எம், 4 ஜிபி றாம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10, விஎல்சி 3.

பழைய பாட வீடியோக்கள் ஒரு குறையும் இல்லாமல் ஓடுகின்றன. பௌதிகவியலுக்குப் பென் டிரைவில் வந்த புதுத் தொகுதிதான் சிக்கல். சத்தம் சீராகப் போகிறது, படம் நின்று நின்று பாய்கிறது. ஒரு மணித்தியாலப் பாடம் பழையது 900 எம்பி, புதியது 300 எம்பிதான். சின்னக் கோப்பு எப்படிப் பெரிய பாரமாகும்?

இன்னொன்று. யூரியூப் 720இல் முதலில் நன்றாக ஓடும். நாலைந்து டப் திறந்த பிறகு லப்டொப்பே உறைந்துபோகிறது, டிஸ்க் விளக்கு அணையாமல் எரிகிறது.

கடையில் இன்னொரு 4 ஜிபி றாம் போடச் சொல்கிறார்கள். அதோடு இரண்டும் தீருமா? பிள்ளைகளின் 2 ஜிபி போன்களிலும் புது வீடியோ சரியில்லை. சத்தம் மட்டும் வருகிறது, திரை கறுப்பு.

பரந்தன்_சந்தி

விஎல்சியில் ஃபைல் காஷிங் (கோப்பை முன்கூட்டியே வாசிச்சு வைக்கிற அளவு) எண்டு ஒண்டு இருக்கும். அதை 5000 ஆக்கிப் பாருங்கோ. பென் டிரைவ் மெதுவாக இருந்தால் உப்பிடித்தான் வெட்டும்.

ஸ்குரூட்றைவர்

பரந்தன், கணக்குப் பாருங்கோ. 300 எம்பியை 3600 செக்கனால பிரிச்சால் செக்கனுக்கு 0.08 எம்பி. மோசமான பென் டிரைவும் அதை விடப் பல மடங்கு வேகத்தில வாசிக்கும். காஷிங் கூட்டுறது தண்ணி வரத்துக் குறைஞ்ச வாய்க்காலுக்குத் தொட்டி கட்டுற மாதிரி. இங்க வரத்தில குறை இல்லை, இறைக்கிற இயந்திரத்துக்குத்தான் சக்தி காணாது.

மல்லாவி, றாம் வாங்க முதல் மூண்டு விஷயம் பார்த்து எழுதுங்கோ:

1. வீடியோ ஓடேக்க கண்ட்ரோலோட ஜே அழுத்துங்கோ. கோடெக் (வீடியோவை மடிச்சு வைச்ச முறை) பெயர், ஃபிரேம் ரேற் (செக்கனுக்கு எத்தனை படம்), கீழ டிகோடட் ஃபோமற் எண்ட வரி, இந்த மூண்டும் வேணும்.
2. அதே பெட்டியில ஸ்டற்றிஸ்ரிக்ஸ் பக்கத்தில லொஸ்ற் ஃபிரேம் (காட்டாமல் விட்ட படங்கள்) எண் ஏறுதோ எண்டு பாருங்கோ.
3. கண்ட்ரோல், ஷிஃப்ற், எஸ்கேப் சேர்த்து அழுத்தி ராஸ்க் மனேஜரில சிபியு, மெமரி, டிஸ்க் மூண்டையும் குறியுங்கோ. வீடியோ வெட்டுற நேரம் ஒருக்கா, யூரியூப் உறையிற நேரம் ஒருக்கா.

மாலைவகுப்பு_மல்லாவி

புது வீடியோ: கோடெக் எச்இவிசி, 1920×1080, ஃபிரேம் ரேற் 60, டிகோடட் ஃபோமற்றில் 10 பிட் என்று இருக்கிறது. லொஸ்ற் ஃபிரேம் நிற்காமல் ஏறுகிறது. சிபியு 97%, மெமரி 61%, டிஸ்க் 4%.

பழைய வீடியோ: எச்.264, 1280×720, 25. சிபியு 14%. லொஸ்ற் ஃபிரேம் 0.

யூரியூப் உறையும்போது: சிபியு 40% அளவில், மெமரி 93%, டிஸ்க் 100%.

ஸ்குரூட்றைவர்

உங்கட கேள்விக்கு மறுமொழி இந்த எண்களிலயே கிடக்கு. இது இரண்டு வேற வேற வருத்தம். ஒரே மருந்து குடுக்க ஏலாது.

முதல் வருத்தத்தில மெமரி 61 தான், டிஸ்க் சும்மா இருக்கு, சிபியு மட்டும் முட்டி நிக்குது. 16 ஜிபி போட்டாலும் அந்த வீடியோ உப்பிடித்தான் வெட்டும்.

காரணம் இது. வீடியோவை விரிக்கிற வேலைக்கெண்டு கிராஃபிக்ஸ் சில்லுக்குள்ள தனிச் சுற்று ஒண்டு இருக்கு. அந்தச் சில்லு செய்த காலத்தில இருந்த வடிவங்கள் மட்டும்தான் அதுக்குத் தெரியும். உங்கட ஐ3 மூண்டாம் தலைமுறை, 2012. அதில உள்ள எச்டி 4000 கிராஃபிக்ஸ் சில்லுக்கு எச்.264 தெரியும். எச்இவிசி, விபி9, ஏவி1 எண்ட புது வடிவங்கள் ஒண்டும் தெரியாது. தெரியாததைத் தந்தால் வேலை முழுக்க சிபியுவின்ர தலையில விழும். 3110எம்முக்கு இரண்டே இரண்டு கோர், 2.4 கிகாஹேர்ட்ஸுக்கு மேல ஏறுற டேர்போவும் இல்லை.

இன்ரெலில 10 பிட் எச்இவிசியும் விபி9உம் ஒழுங்கா ஓடத் தொடங்கினது ஏழாம் தலைமுறையில. ஏவி1க்குப் பதினோராம் தலைமுறை வேணும். செக்கன்ட்ஹான்ட் லப்டொப் வாங்க நினைக்கிற ஆக்கள் இதை மனசில வைச்சிருங்கோ. றாமைப் பிறகும் கூட்டலாம், அந்தச் சுற்றை மாத்த ஏலாது.

குளக்கட்டு

சின்னக் கோப்பு ஏன் பாரம் என்று கேட்டிருந்தீர்கள். கோப்பின் அளவு படத்தை எவ்வளவு இறுக்கி மடித்திருக்கிறார்கள் என்பதைத்தான் சொல்லும். இறுக்கி மடித்ததை விரிக்கக் கூடக் கணக்கு வேண்டும். எச்இவிசி குறைந்த இடத்தில் அதே தரத்தைத் தரும், அதற்கான கூலியை விரிக்கிற இயந்திரம் கொடுக்கிறது.

விரித்த பிறகு எல்லாம் பெரிதுதான். பிட் எண் என்பது ஒவ்வொரு நிற அளவையும் எவ்வளவு நுணுக்கமாக எழுதுகிறார்கள் என்பது. 1920×1080 படம் ஒன்று 8 பிட்டில் 3.1 எம்பி. 10 பிட்டை 16 பிட் இடத்தில் வைப்பதால் 6.2 எம்பி. செக்கனுக்கு 60 படம் என்றால் 373 எம்பி. உங்கள் பழைய பாடம் 1280×720, 8 பிட், 25 படம், அதாவது செக்கனுக்கு 35 எம்பிக்குள். பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம், கரும்பலகையில் சோக்கட்டி நகர்வதைக் காட்ட!

சத்தம் சீராகப் போவதற்கும் காரணம் உண்டு. பிளேயர் சத்தத்தைத்தான் மணிக்கூடாக வைத்திருக்கும். படம் பிந்தினால் சில படங்களை எறிந்துவிட்டு சத்தத்தைப் பிடிக்க ஓடும். நீங்கள் பார்க்கிற பாய்ச்சல் அதுதான்.

மாலைவகுப்பு_மல்லாவி

விளங்கியது. அப்படியானால் கோப்பை மாற்றுவதுதான் வழியா?

ஸ்குரூட்றைவர்

ஓம். ஒருக்கா மாத்தினால் லப்டொப், போன் எல்லாத்துக்கும் காணும். ஆனால் அந்த வேலையை உந்த ஐ3இல செய்யாதேங்கோ. விரிக்கவே தடுமாறுற இயந்திரம், விரிச்சுத் திரும்ப மடிக்கிறதுக்கு ஒரு பாடத்துக்குப் பல மணித்தியாலம் எடுக்கும். இடையில கரண்ட் போனால் முதலில இருந்து தொடங்க வேணும். கொஞ்சம் புது இயந்திரம் ஒண்டில ஹேண்ட்பிரேக் எண்ட வீடியோ மாத்துற மென்பொருளைப் போட்டுச் செய்யுங்கோ.

ஃபாஸ்ட் 720பி30 எண்ட பிரீசெற்றை (தயாராக இருக்கிற அமைப்பை) எடுங்கோ. என்கோடர் எண்டது திரும்ப மடிக்கிற பகுதி. வீடியோ பக்கத்தில என்கோடர் எச்.264 (எக்ஸ்264) எண்டு இருக்க வேணும். பக்கத்திலயே எச்.264 10 பிட் எண்டும் ஒண்டு இருக்கும், மூலக் கோப்பு 10 பிட் எண்டு நினைச்சு அதைத் தொட்டிடாதேங்கோ. எச்.264 ஆக இருந்தாலும் 10 பிட் எண்டால் உங்கட சில்லு விரிக்காது, திரும்பவும் சிபியு 97 தான். தர எண் ஆர்எஃப் 21 அல்லது 22. எண் குறையக் குறையத் தரமும் அளவும் கூடும். முகம் மட்டும் தெரிகிற வீடியோவுக்கு 24 காணும், ஆனால் கரும்பலகையில சின்ன எழுத்தின்ர ஓரம் கரைஞ்சால் சமன்பாட்டில கீழொட்டு வாசிக்க ஏலாது. ஃபிரேம் ரேற் 25 போடுங்கோ. சத்தம் ஒருவர் கதைக்கிறதுதானே, மொனோ காணும்.

முழுப் பாடத்தையும் போட முதல், ரேஞ்சில செக்கன்ஸைத் தெரிஞ்சு 0 இலிருந்து 60 வரை மட்டும் மாத்தி, அந்த ஒரு நிமிடத்தை உங்கட லப்டொப்பிலயும் பிள்ளைகளின்ர போன் ஒண்டிலயும் ஓட்டிப் பாருங்கோ.

குளக்கட்டு

வீடியோ தயாரிக்கிற ஆசிரியரிடம் கேட்க முடிந்தால் அது இன்னும் நல்லது. ஓபிஎஸ் என்ற பதிவு மென்பொருளில் பதிவதாக இருந்தால் அவுட்புட் 1280×720, ஃபிரேம் ரேற் 30, என்கோடர் எக்ஸ்264. மாற்றுகிற வேலையே இராது.

புரொஜெக்டரின் சொந்த ரெசலூஷனையும் ஒருமுறை பாருங்கள். பாடசாலைகளில் இருக்கிற பழைய புரொஜெக்டர்கள் பல 1024×768 தான். அதில் 1080 கோப்பு ஓட்டினால், லப்டொப் சிரமப்பட்டு விரித்த புள்ளிகளில் பாதிக்கு மேல் சுவரைச் சேராது.

பரந்தன்_சந்தி

சரி, காஷிங் கதையை வாபஸ் வாங்குறன். யூரியூப் பிரச்சினைக்கு றாம் வேணும்தானே?

ஸ்குரூட்றைவர்

அதுக்கு வேணும். மெமரி 93, டிஸ்க் 100 எண்டால் றாம் நிரம்பி, விண்டோஸ் மிச்சத்தை ஹார்ட் டிஸ்கில இருக்கிற பேஜ் ஃபைலுக்கு ஏத்தி இறக்குது எண்டு அர்த்தம். சுழல்கிற டிஸ்க்குக்கு அங்கொண்டு இங்கொண்டாகத் தேடி எடுக்கிறதுதான் மிகக் கஷ்டமான வேலை. அதனால முழு லப்டொப்பும் உறையுது.

வாங்கேக்க கவனிக்க வேண்டியது: லப்டொப்புக்கான சின்ன றாம் துண்டு (சோடிம்), டிடிஆர்3எல் வகை, 4 ஜிபி, லேபிளில பிசி3எல்-12800 எண்டு இருக்கும். எல் எண்டது 1.35 வோல்ட். 1.5 வோல்ட் பழைய துண்டோட சேர்த்துப் போட்டாலும் வேலை செய்யும். டிடிஆர்4 தந்தால் வாங்காதேங்கோ, வெட்டு வேற இடத்தில, தொடுகைப் பின்கள் 204 இல்லை, 260, செருகவே ஏலாது. ராஸ்க் மனேஜரின்ர மெமரி பக்கத்தில ஸ்லொட்ஸ் யூஸ்ட் 1 ஒஃப் 2 எண்டு இருந்தால்தான் இடம் இருக்கு.

இரண்டாவது துண்டில இன்னொரு லாபம். எச்டி 4000க்குச் சொந்த மெமரி இல்லை, றாமைத்தான் பங்கு போடுது. ஒரு துண்டின்ர வேகம் 1600 எண்டால் உச்சம் செக்கனுக்கு 12.8 ஜிபி, இரண்டும் சேர்ந்தால் 25.6. ஒரே 8 ஜிபி துண்டை விட இரண்டு 4 ஜிபி இங்க மேல்.

போடேக்க சார்ஜரைக் கழட்டி, பற்றரியையும் கழட்டி, பவர் பட்டனைப் பத்துச் செக்கன் அழுத்திப் பிடியுங்கோ. சரிவாகச் செருகிக் கீழ அமத்த, இரண்டு பக்கக் கொளுக்கியும் டிக் எண்டு பூட்ட வேணும். போட்டு ஓன் பண்ணத் திரை கறுப்பாக நிண்டால் பயப்படாதேங்கோ. கழட்டி, பொன்நிறத் தொடுகைகளை அழிறப்பரால மெதுவாகத் தேய்ச்சு, தூள் இல்லாமல் துடைச்சுத் திரும்பப் போடுங்கோ. அப்பவும் வராட்டி ஒவ்வொரு துண்டாகத் தனியப் போட்டுப் பாருங்கோ.

குளக்கட்டு

காசு செலவழிக்காமல் இன்றைக்கே செய்யக்கூடியவை சில. குரோமில் செட்டிங்ஸ், பெர்ஃபோமன்ஸ் போய் மெமரி சேவரைப் போட்டால், பார்க்காத டப்கள் றாமை விட்டுவிடும். வகுப்பு நேரம் விண்டோஸ் அப்டேற்றை நிறுத்தி வையுங்கள்.

யூரியூப் வீடியோவில் வலது சொடுக்கு, ஸ்டற்ஸ் ஃபோர் நேர்ட்ஸ். கோடெக்ஸ் வரியில் விபி09 அல்லது ஏவி01 என்று இருந்தால் உங்கள் சில்லுக்கு அது தெரியாத பாஷை. ஏவிசி1 என்றால் எச்.264. பயர்பொக்ஸில் எச்264இஃபை என்ற இணைப்பைப் போட்டால் யூரியூப் எச்.264ஐயே தரும், 60 ஃபிரேமையும் அதில் தடுக்கலாம். ஒரு குறை, எச்.264இல் யூரியூப் 1080க்கு மேல் தராது. உங்களுக்கு அது தேவையில்லை.

டிவைஸ் மனேஜரில் டிஸ்பிளே அடப்டர்ஸ் கீழே மைக்ரோசொவ்ற் பேசிக் டிஸ்பிளே அடப்டர் என்று இருந்தால் இன்ரெல் டிரைவரே இல்லை என்று பொருள். புதிதாக விண்டோஸ் போட்ட இயந்திரங்களில் அடிக்கடி காண்பது. அப்போது எச்.264உம் சிபியுவில்தான் ஓடும். உங்களுக்கு 14% காட்டுவதால் அந்தச் சந்தேகம் இல்லை, இதை வாசிக்கிற மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

மாலைவகுப்பு_மல்லாவி

போன் பக்கம்?

குளக்கட்டு

கறுப்புத் திரையும் சத்தமும் என்றால், போனின் டிகோடருக்கு (வீடியோவை விரிக்கிற சுற்றுக்கு) 10 பிட் எச்இவிசி தெரியவில்லை என்பதுதான் முதற் சந்தேகம். போனுக்கான விஎல்சியில் ஹார்ட்வெயர் அக்சலரேஷனை டிசேபிள்ட் ஆக்கினால் படம் வரும், ஆனால் வெட்டும், போன் சுடும், பற்றரி கரையும். மாற்றிய 720 கோப்புத்தான் ஒழுங்கான வழி.

அனுப்பும்போது வட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பாமல் டொக்கியூமென்ராக அனுப்புங்கள். வீடியோவாகப் போனால் அது திரும்ப இறுக்கி மடித்துவிடும், எழுத்துக் கரையும். டொக்கியூமென்ராக 2 ஜிபி வரை போகும்.

போனில் 2 ஜிபியாவது காலி இடம் இருக்கட்டும், ஸ்ரோரேஜ் நிரம்பினால் எல்லாமே இழுபடும். றாம் கிளீனர் அப் ஏதும் போட்டிருந்தால் அகற்றச் சொல்லுங்கள். அது மூடுகிறவற்றை அன்ட்ரொய்ட் திரும்பத் திறக்கும், அந்தத் திறப்பே கூடுதல் வேலை. மெய்நிகர் றாம் என்று சில போன்களில் காட்டுவதும் ஸ்ரோரேஜில் ஒதுக்கிய இடம்தான், வீடியோ வேகத்துக்கு உதவாது.

மாலைவகுப்பு_மல்லாவி

முதற் பாடத்தை மாற்றினோம், ஆர்எஃப் 22, 25 ஃபிரேம். சிபியு 12%, லொஸ்ற் ஃபிரேம் 0. போன்களிலும் படம் வருகிறது. றாம் போட்ட பிறகு எட்டு டப் திறந்தும் மெமரி 58%.

ஒன்று மிச்சம். மத்தியான வகுப்பில் அரை மணித்தியாலம் கழித்து யூரியூப் திரும்பத் தடுமாறுகிறது. பின்னேரம் அப்படி இல்லை.

ஸ்குரூட்றைவர்

தகரக் கூரையோ? உது சூடு. ராஸ்க் மனேஜரில சிபியு பக்கத்தில ஸ்பீட் பாருங்கோ. வேலை இருக்கேக்கயும் 2.4ஐ விட்டு 1.2 பக்கம் வந்து நிண்டால், சூடு தாங்காமல் தன்னைத் தானே மெதுவாக்குது.

எங்கட புழுதி விசிறிக்கும் ஹீற்சிங்குக்கும் (சூட்டை இழுத்து வெளியேத்துற உலோகத் துண்டு) நடுவில கம்பளி மாதிரிப் படிஞ்சிருக்கும். வெளியில இருந்து ஊதினால் அது உள்ளதான் போய் அடையும். பின்மூடியைக் கழட்டி, விசிறி இதழை விரலால பிடிச்சுக்கொண்டு, காத்து வெளியேறுற பக்கத்தில இருந்து ஊதுங்கோ. விசிறியைச் சுழல விட்டு ஊதினால் பெயரிங் போகும். ஹீற்சிங்கைக் கழட்டினால் சூடு கடத்துற பழைய பேஸ்ட்டை முழுக்கத் துடைச்சு, அரிசிமணி அளவு புதுப் பேஸ்ட் கட்டாயம் வைக்க வேணும்.

பின்னேரமும் காலமையும் கூட 1.2இலேயே நிண்டால் சூடு இல்லை, சார்ஜரைச் சந்தேகியுங்கோ. சில லப்டொப்புகள் தன்ர சார்ஜரை அடையாளம் காணாட்டி வேகத்தைக் குறைச்சுப் பிடிக்கும்.

மாலைவகுப்பு_மல்லாவி

தகரம்தான். 1.2 காட்டுகிறது, காலமை 2.4. ஞாயிறு கழட்டுகிறோம், பேஸ்ட் வாங்கி வைத்தாச்சு.