லேக் ஜுனலஸ்கா: மெதடிஸ்ட் ஏரிக்கரைத் தியான நிலையத்தில் தங்கியவர்கள் யாரேனும் உண்டா?

கரூர் ஆசிரியை கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். வரும் அக்டோபரில் நானும் என் கணவரும் அமெரிக்காவில் சார்லட் நகரில் வசிக்கும் மகள் வீட்டுக்குச் செல்கிறோம். ஊர் சுற்றிப் பார்ப்பதைவிட, வடக்குக் கரோலினாவின் மேற்கு மலைகளில் உள்ள லேக் ஜுனலஸ்கா என்னும், மெதடிஸ்ட் கிறிஸ்தவ சபைப் பிரிவின் தியான நிலையத்தில் ஓரிரு நாள் அமைதியாகத் தங்கி வரவேண்டும் என்பதே என் ஆசை. எங்கள் குடும்பம் வெஸ்லியன் மிஷன் (மெதடிஸ்ட் மிஷன்) காலத்திலிருந்தே கரூர்ச் சபையில் இருந்து வருவதால், அந்தப் பெயரைக் கேட்டதுமே சொந்த வீடு போன்ற ஓர் ஈர்ப்பு எனக்கு உண்டாகிவிட்டது. ஆனால் அங்கே சபையார் குழுவாக முன்பதிவு செய்துதான் தங்க முடியுமா, தனிக் குடும்பமாகப் போனாலும் இடம் கொடுப்பார்களா என்று தெரியவில்லை. என் கணவருக்கு முழங்கால் வலி உண்டு. அவர் சைவ உணவு மட்டுமே உண்பவர். சென்று வந்தவர்கள் விவரம் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

ஈரோட்டுக்காரன் (இப்போது ராலே):

வணக்கம் டீச்சர். தாராளமாகப் போகலாம், எந்தச் சபையைச் சேர்ந்தவரும், சபையே இல்லாதவரும் அறை எடுத்துத் தங்கலாம். சார்லட்டிலிருந்து காரில் ஏறத்தாழ இரண்டரை மணி நேரப் பயணம். ஆஷ்வில் நகரைத் தாண்டி மேற்கே சுமார் 30 மைல் போனால், வேன்ஸ்வில் என்னும் சிற்றூருக்கு அருகில் ஏரி வந்துவிடும். பேருந்தை நம்ப வேண்டாம், கார் அவசியம். 2024 செப்டம்பரில் வீசிய ஹெலீன் புயலில் பெரிதும் அடித்துச் செல்லப்பட்டது ஏரியைத் தாண்டி டென்னசி மாநிலத்துக்குப் போகும் பள்ளத்தாக்குச் சாலை. நீங்கள் கிழக்கிலிருந்து வருவதால் அந்தப் பகுதிக்கே போக வேண்டியிருக்காது.

முழங்கால் வலிக்காரருக்கு ஏற்ற இடம் என்றே சொல்வேன். ரிச்லாண்ட் ஓடையை அணை கட்டித் தேக்கிய, சுமார் 200 ஏக்கர் பரப்புள்ள ஏரி அது. கரையைச் சுற்றி நடைபாதை போட்டு, இடையிடையே உட்கார இருக்கைகளும் வைத்திருக்கிறார்கள். முழுச் சுற்று இரண்டு மைலுக்கும் அதிகம். முடியாதவர்கள் ரோஜாச் செடிகள் வரிசையாக நிற்கும் பகுதியோடு திரும்பிவிடலாம். உயரம் 2,500 அடிக்குச் சற்று மேல். ஏற்காட்டின் உயரத்தில் பாதிதான். ஆனால் அதை நம்பி மெல்லிய சால்வையோடு போய்விடாதீர்கள். அக்டோபர் இரவில் வெப்பநிலை நான்கைந்து டிகிரிக்கு இறங்கும். கம்பளிச் சட்டையும் காதை மூடும் தொப்பியும் கட்டாயம் வேண்டும். அந்த மாதத்தின் நடுப்பகுதிக்குப் பிறகு மேப்பிள் இலைகள் நிறம் மாறுவதைக் காண ஊரே திரண்டு வரும் என்பதால், அறையை இப்போதே பதிவு செய்யுமாறு மகளிடம் சொல்லுங்கள்.

உணவில்தான் எச்சரிக்கை தேவை. காலையில் கிடைக்கும் கிரிட்ஸ் என்பது மக்காச்சோளக் கஞ்சி. ஐயா தயங்காமல் சாப்பிடலாம். பிஸ்கட் என்று அவர்கள் சொல்வது மிருதுவான ஒரு வகை ரொட்டி. அதன்மேல் ஊற்றித் தரும் வெள்ளைக் குழம்பில் பெரும்பாலும் பன்றி இறைச்சி இருக்கும். கீரை மசியலைப் போலத் தோன்றும் காலர்ட் கீரையையும் அந்தப் பக்கத்தில் பன்றி இறைச்சித் துண்டு போட்டே வேகவைப்பது வழக்கம். எனவே ஒவ்வொன்றையும் கேட்டு வாங்குங்கள். மகள் வீட்டிலிருந்து அரிசிம்பருப்பு சாதமும் தயிரும் எடுத்துச் சென்றால் ஒரு வேளைக் கவலை தீரும்.

திருப்பூர் வாசகர்:

சகோதரிக்கு ஸ்தோத்திரம். வரலாற்றை அறிந்துகொண்டு போனால் அந்த இடம் இன்னும் நெருக்கமாகத் தோன்றும். நம் கரூர்ப் பகுதிக்கு வந்தது இங்கிலாந்தின் வெஸ்லியன் மிஷன். அந்தச் சபைகள் 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபையில் இணைந்தன. லேக் ஜுனலஸ்காவோ அமெரிக்காவின் தென்மாநில மெதடிஸ்டுகள் 1913-இல் தொடங்கியது. அடிமை முறையைக் குறித்த பிளவில் 1844-45 ஆண்டுகளில் தனியே பிரிந்துபோன சபை அது; வடமாநில மெதடிஸ்ட் சபையோடு மீண்டும் இணைந்தது 1939-இல்தான். இதையும் மனதில் வைத்தே அந்தப் பழைய கட்டடங்களைப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. ஸ்டூவர்ட் அரங்கம் 1913-ஆம் ஆண்டினது. லாம்பத் விடுதி, சீனாவில் பிறந்து ஜப்பானில் கல்லூரி நிறுவிய மிஷனரிப் பேராயர் வால்டர் லாம்பத்தின் பெயரைத் தாங்கியது.

ஏரியின் பெயருக்கு உரியவர் அமெரிக்கப் பூர்வகுடிகளான செரோக்கி மக்களின் தலைவர் ஜுனலஸ்கா. 1814-இல் ஹார்ஸ்ஷூ பெண்ட் போரில் ஆண்ட்ரூ ஜாக்சனின் பக்கம் நின்று போரிட்டவர் அவர். அதே ஜாக்சன் குடியரசுத் தலைவரான பின் 1830-இல் பூர்வகுடிகளை வெளியேற்றும் சட்டத்தில் கையெழுத்திட்டார். 1838-இல் ஜுனலஸ்காவும் தம் மக்களோடு மேற்கே துரத்தப்பட்டார். பிறகு அவர் தாயகம் திரும்பினார். 1847-இல் மாநில அரசு அவருக்குக் குடியுரிமையும் நிலமும் அளித்தது. இதை அறியாமல் அந்தக் கரையில் ஜெபிப்பது எனக்குக் குறையாகவே படுகிறது. முடிந்தால் அருகிலுள்ள செரோக்கி ஊரின் அருங்காட்சியகத்துக்கும் அவசியம் போய் வாருங்கள். ஏரிக்கரையில் இருந்த உலக மெதடிஸ்ட் அருங்காட்சியகம் மூடப்பட்டுவிட்டது. பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டு அதைத் தேடி அலைய வேண்டாம்.

பொள்ளாச்சி குடும்பத்தலைவி:

நாங்கள் கிறிஸ்தவர்கள் அல்லர், குழந்தைகளோடு தங்கியிருந்தோம். எந்தச் சபை என்று எங்களை ஒருவரும் கேட்கவில்லை. காலையில் நீரின்மேல் பனிப்புகை கலையும் முன்பே அன்னங்கள் கரையோரம் வந்துவிடும். எதிரே குன்றின் மேல் நிற்கும் பெரிய சிலுவையில் இரவில் விளக்கு எரியும். ஜூலை 4 ஒட்டிய நாட்களில் ஊர்வலமும் கூட்டமுமாக இருக்கும். அமைதியை நாடும் உங்களுக்கு அக்டோபர்தான் நல்லது. செரோக்கிக்குப் போனால் ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்காவின் வாசலில் மாலை வேளையில் எல்க் மான்கள் மேய்வதைக் காணலாம், அக்கா. அது அவற்றின் இணைசேரும் பருவம். 50 கஜத்துக்கு அப்பால் நின்றே பார்க்க வேண்டும். பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை, வண்டி நிறுத்தத்துக்கு மட்டும் சீட்டு வாங்க வேண்டும்.

கரூர் ஆசிரியை:

எல்லோருக்கும் நன்றி. ஜுனலஸ்காவின் வரலாற்றை என் கணவருக்கு வாசித்துக் காட்டினேன். செரோக்கிக்கும் போயே ஆக வேண்டும் என்கிறார். ஒன்று மட்டும் கேட்கிறேன்: ஞாயிற்றுக்கிழமை அங்கே இருந்தால் ஆராதனைக்கு எங்கே போவது?

ஈரோட்டுக்காரன் (இப்போது ராலே):

ஸ்டூவர்ட் அரங்கத்தின் ஞாயிறு ஆராதனைத் தொடர் கோடைக்காலத்தில் நடப்பது, டீச்சர். அக்டோபரில் நீங்கள் பக்கத்திலேயே உள்ள லாங்ஸ் சேப்பல் என்னும் சபைக்குப் போகலாம். ஆராதனை நேரத்தை முதல் நாளே தொலைபேசியில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.