பண்ணையில் கால் பங்கு மாடு வாங்கினோம், ருசி வேறு மாதிரி இருக்கிறதே?

டாலஸ்_தாளிப்பு:
இங்கிருந்து இரண்டரை மணி நேரம் தள்ளி ஒரு குடும்பம் தாத்தா காலத்திலிருந்து மாடு வளர்க்கிறது. புல் மட்டும்தான், ஹார்மோன் ஊசி கிடையாது என்றார்கள், நாங்களும் நேரில் போய் மேய்ச்சலைப் பார்த்துவிட்டுத்தான் கால் பங்குக்குப் பணம் கட்டினோம். ஹேங்கிங் வெயிட் (அறுத்துத் தொங்கவிட்ட எடை) 180 பவுண்டு என்று கணக்குப் போட்டார்கள், ஃப்ரீசருக்கு வந்ததோ 115. மீதி எங்கே போனது? அதைவிட, சனிக்கிழமை போட்ட ஸ்டேக் செருப்புத் தோல். கொழுப்பு வேறு மஞ்சளாக இருந்ததால் பழைய கறியோ என்று வீட்டுக்காரர் முகர்ந்து முகர்ந்து பார்த்தார். இதைத்தான் எல்லாரும் ஆகா ஓகோ என்கிறீர்களா, இல்லை நான் ஏமாந்துவிட்டேனா?

மிளகு_சுக்கா:
ஏமாறவில்லை. புல்லில் இருக்கும் பீட்டா கரோட்டின்தான் அந்த மஞ்சள், மக்காச்சோளம் போட்டுக் கொழுக்க வைத்த மாட்டில் கொழுப்பு வெள்ளையாக இருக்கும். (ஊரில் எருமைக்கறி வாங்கினவர்களுக்கும் வெள்ளைக் கொழுப்புதான் பழக்கம், எருமை புல் தின்றாலும் மஞ்சள் ஏறாது.) கறிக்குள் ஓடும் கொழுப்பு இழை குறைவு என்பதால் சீக்கிரம் வெந்து சீக்கிரம் காய்ந்துவிடும். நம் வீடுகளில் நன்றாக வெந்தே தீரவேண்டும் என்றால் ஸ்டேக்கை விடுங்கள். ஷாங்க் என்று எழுதிய பொட்டலம் இருக்கும், காலெலும்போடு வட்டமாக அறுத்தது, அதை எடுத்துச் சின்ன வெங்காயம், மிளகு, தேங்காய்ச் சில்லு போட்டு மூடி வைத்து மூன்று மணி நேரம் சிறு தீயில் விடுங்கள். குக்கரில் அவசரப்படுத்தினால் அந்த வாசனை வராது, இது என் பிடிவாதம்.

கால்_கணக்கு:
எடைக்கு வருகிறேன். உயிரோடு 1200 பவுண்டு இருக்கும் மாடு தோல், தலை, குடல் போனால் 720, 740 நிற்கும், அதுதான் ஹேங்கிங் வெயிட், அதில் கால் பங்குதான் உங்கள் 180. பிறகு இரண்டு மூன்று வாரம் குளிரில் தொங்கும்போது நீர் வற்றும், வெட்டும்போது எலும்பும் கொழுப்பும் கழியும். 180-க்கு 115 என்பது 64 சதவீதம், நியாயமான கணக்கு. ஆனால் ஒன்று கேட்கிறேன், கட் ஷீட் (எந்தெந்தப் பகுதி வேண்டும், எப்படி வெட்ட வேண்டும் என்று எழுதிக் கொடுக்கும் தாள்) நிரப்பும்போது வால், நாக்கு, ஈரல், சூப் எலும்பு எல்லாம் வேண்டாம் என்று விட்டீர்களா? பாதிப் பேர் அங்கேதான் கோட்டை விடுகிறோம். அதற்கும் சேர்த்துத்தான் காசு கொடுத்தீர்கள்!

சந்தேகப்_பேர்வழி:
ருசி சரி. ஆனால் கடையில் 'நேச்சுரல்' என்று ஒட்டியிருப்பதையும் இதையும் ஒன்றாக நினைக்காதீர்கள். அமெரிக்க வேளாண் துறை கணக்கில் அந்தச் சொல்லுக்குச் செயற்கைப் பொருள் சேர்க்கவில்லை, அதிகம் பதப்படுத்தவில்லை என்றுதான் பொருள், மாடு எங்கே வளர்ந்தது, என்ன தின்றது என்பதற்கெல்லாம் அது பதில் இல்லை. 'கிராஸ் ஃபெட்' (புல் தின்று வளர்ந்தது) என்பதற்கு அந்தத் துறை வைத்திருந்த தர வரையறையையும் 2016-இல் விலக்கிக்கொண்டார்கள். அதனால் நீங்கள் நேரில் போய்ப் பார்த்ததுதான் உருப்படியான வேலை. அடுத்த முறை கடைசி மாதங்களிலும் புல்தானா, தானியமா என்று கேளுங்கள். அங்கேதான் ருசி மாறும், சிலருக்குத் தானியம் போட்டு முடித்ததே பிடிக்கும். எனக்கும் அதுதான், திட்டாதீர்கள்.

டாலஸ்_தாளிப்பு:
வாலும் நாக்கும் வேண்டாம் என்று நானே கோடு போட்டேன், தலையில் அடித்துக்கொண்டேன்! நேற்று ஷாங்க் வைத்தேன். மூன்று மணி நேரம் என்றது பொய், நாலு ஆனது. கறி எலும்பிலிருந்து தானாக வழுக்கி விழுந்தது, குழம்பின் மேல் மஞ்சள் எண்ணெய் மிதந்தது. முகர்ந்து பார்த்த மனுஷன் எலும்பைத் தட்டில் தட்டித் தட்டி மஜ்ஜையை எடுத்துச் சோற்றில் பிசைந்தார். அந்த வட்ட எலும்பு இன்னும் இரண்டு பொட்டலம்தான் இருக்கிறது, பிள்ளைகளுக்குத் தெரியாமல் அடியில் வைத்திருக்கிறேன். ஸ்டேக் ஒன்பது கிடக்கிறது, யாருக்காவது வேண்டுமா?