மணிக்கூண்டுச் சுவரோரம் ஒழுகும் ஆலயக் கூரை: மேலே தகடு போர்த்துவது சரியா?

கேள்வி

எங்கள் ஆலயத்தின் ஓட்டுக் கூரை மணிக்கூண்டின் சுவரைத் தொடும் பகுதியில், பாடகர் குழு அமரும் இடத்திற்கு மேலே, மழைதோறும் ஒழுகுகிறது. இருமுறை உடைந்த ஓடுகளை மாற்றிச் சுவரோரத்தில் சிமெண்ட் பூசினோம். இரண்டு முறையும் ஓராண்டுக்குள் பூச்சு வெடித்துவிட்டது. ஓடுகளின் மேலேயே உலோகத் தகடு போர்த்திவிடலாம் என்று பராமரிப்புக் குழுவில் பலர் கூறுகின்றனர். கையிருப்பு குறைவு என்பதால், தவறான வேலையில் அதைச் செலவழித்துவிடுவோமோ என்று அஞ்சுகிறேன்.

மறுமொழி 1

வெடித்த பூச்சே காரணத்தைக் காட்டுகிறது. மணிக்கூண்டு தனி அடித்தளத்தில் நிற்கும் கனமான கட்டுமானம். கூரையின் மரச்சட்டமோ ஈரத்தில் உப்பி, வெயிலில் சுருங்குவது. தனித்தனியே அசையும் இவ்விரண்டையும் விறைப்பான சிமெண்டால் பிணைத்தால், அது வெடிக்காமல் இருக்க முடியாது. அங்கே தேவைப்படுவது, மேல் முனை சுவரின் இணைப்புக்குள் செருகப்பட்டு, ஓடுகளின் மேல் மடிந்து இறங்கும் ஈயத் தகடு. சுவரில் அது குறைந்தது 150 மில்லிமீட்டராவது ஏறி நிற்க வேண்டும். நீளமான ஒரே தகடாகப் பதித்துவிடாதீர்கள்: 2 மீட்டர் ஈயத் தகடு 50 டிகிரி வெப்ப வேறுபாட்டில் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் நீளும், அந்த அசைவுக்கு இடமில்லையென்றால் நாளடைவில் கிழியும். 1.5 மீட்டருக்கு மிகாத துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று ஏறுமாறு பதிப்பதே முறை.

மறுமொழி 2

தகடு போர்த்தும் யோசனையை நான் உறுதியாக எதிர்க்கிறேன். வழிபாட்டின்போது எழும் வெப்பமும் மூச்சின் ஈரமும் மேலேறி, குளிர்ந்த தகட்டின் அடியில் நீராகப் படியும். காற்றோட்டத்திற்கு வழியில்லையென்றால் ஓடுகளைத் தாங்கும் ரீப்பர்களும் அவற்றைச் சுமக்கும் சாய்வான கைமரங்களும் யாருக்கும் தெரியாமல் உளுத்துப்போகும். மரத்தின் ஈரம் 20 விழுக்காட்டைத் தாண்டி நீடித்தாலே பூஞ்சை பற்றும். எதையும் தீர்மானிக்கும் முன், கைமரங்கள் சுவருக்குள் புகும் முனைகளைக் கூரான கருவியால் குத்திப் பாருங்கள். ஆலயங்களில் உத்திரங்கள் உயரத்தில் இருப்பதால் எவரும் ஏறிப் பார்க்காத இடம் அது. சாரம் கட்டும் செலவே பெரிது என்பதால், அது நிற்கும்போதே வடிகால்களையும் முகட்டு ஓடுகளையும் சேர்த்துச் சரிசெய்துவிடுங்கள்.

மறுமொழி 3

கூரைமேல் தீச்சுடர் வைத்துப் பற்றவைக்கும் வேலையை மட்டும் அனுமதிக்காதீர்கள். 2019 ஏப்ரல் 15 அன்று பாரிஸ் நோத்ர்தாம் பேராலயத்தில், சீரமைப்புப் பணிக் காலத்திலேயே, ஓக் மரச்சட்டமும் ஈயக் கூரையும் எரிந்து அழிந்தன.

கேள்வி கேட்டவர்

நேற்று உள்ளிருந்து ஏறிப் பார்த்தோம். சுவரை ஒட்டிய இரண்டு கைமரங்களின் முனைகளில் கருவி எளிதாக இறங்கியது. மற்றவை உறுதியாகவே உள்ளன. அவ்விரண்டையும் மாற்றி, ஈயத் தகடு பதிப்பதற்கான மதிப்பீட்டைக் குழுவின் முன் வைக்கவுள்ளேன்.