மறுமொழி: ‘டெட் டிராப்’ – தமிழில் என்ன சொல்வது?

அனைவருக்கும் வணக்கம்.

ஒற்றர்கள் நேரில் சந்திக்காமலே தகவலையோ பொருளையோ மறைத்துவைத்துக் கைமாற்றும் முறைக்கு ஆங்கிலத்தில் ‘டெட் டிராப்’ என்று பெயர். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில் இதுவரை வந்த சொற்கள் நான்கு: இறந்த வீழ்வு, மறைவிடம், ஒளிவைப்பு, கள்ள அஞ்சல். முதலாவதை எந்திரம்தான் பெயர்த்துக் கொடுத்திருக்க வேண்டும். அதை விட்டுவிடலாம். மறைவிடம் என்றால் ஆள் ஒளிந்திருக்கும் இடம். அதற்கு இன்னொரு பொருளும் உண்டு, மருத்துவக் கட்டுரை எழுதுகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஒளிவைப்பு என்று படித்ததும் யாரோ விளக்கேற்றுவதுபோலத்தான் தோன்றுகிறது. கள்ள அஞ்சல் காதுக்கு நன்றாக இருக்கிறது, ஆனால் பொருந்தாது. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

முதலில் காரியம் எப்படி நடக்கிறது என்று பார்த்துவிடுவோம். தகவல் தருகிறவரும் பெறுகிறவரும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது. ஒருவர் வைத்துவிட்டுப் போவார், இன்னொருவர் பிறகு வந்து எடுத்துக்கொள்வார். ‘டெட்’ என்ற அடையில் சாவு எதுவும் இல்லை. அந்த முனையில் ஆள் இல்லை என்பதுதான் பொருள். ஆளிடம் நேரில் கொடுத்தால் அது ‘லைவ் டிராப்’. ஆக நமக்கு வேண்டிய சொல்லில் இரண்டு செய்திகள் இருந்தால் போதும்: மறைவு, வைத்துவிட்டுப் போதல்.

இந்த முறை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ராபர்ட் ஹான்சனைச் சொல்லலாம். அமெரிக்காவின் உள்நாட்டுப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயில் வேலை பார்த்தவர். 1985இல் சோவியத் உளவு அமைப்பான கேஜிபிக்குத் தானே கடிதம் எழுதித் தொடர்பு ஏற்படுத்திக்கொண்டார், தன் பெயரை மட்டும் சொல்லவில்லை. கட்டுக்கட்டாக ஆவணங்கள் போயின, பணமும் வைரமும் வந்தன. பெரும்பாலும் பூங்காக்களின் நடைபாலங்களுக்கு அடியில்தான். 2001 பிப்ரவரி 18 அன்று வர்ஜீனியாவில் அப்படி ஒரு பாலத்துக்கு அடியில் பொட்டலத்தை வைத்துவிட்டுத் திரும்பும்போது சொந்த அலுவலகத்தாரே பிடித்தார்கள். வாங்குகிறவர் முகமே தெரியாமல் நடந்த வணிகம் இது. நேரில் சந்தித்திருந்தால் இத்தனை ஆண்டு தாக்குப்பிடித்திருப்பாரா என்பது சந்தேகம்தான்.

அஞ்சல் என்ற சொல் ஏன் ஒத்துவராது என்றால், அஞ்சல் என்றாலே நடுவில் கொண்டுபோகிறவர் ஒருவர் இருக்கிறார். இங்கே நடுவில் யாரும் இல்லை என்பதுதான் முறையின் உயிர். பொதி, பொட்டலம், பை என்று பொருளைச் சொல்லும் சொற்களும் வேண்டாம். 2006இல் ரஷ்யத் தொலைக்காட்சி மாஸ்கோவில் கிடந்த ஒரு பொய்க்கல்லைக் காட்டியது. கல்லுக்குள் கம்பியில்லாக் கருவி. கையடக்கக் கணினியோடு பக்கத்தில் நடந்து போனால் தகவல் ஏறிவிடும், வேறொருவர் அதே வழியாகப் போய் இறக்கிக்கொள்வார். அது எங்களுடையதுதான் என்று, டோனி பிளேர் பிரிட்டிஷ் பிரதமராக இருந்தபோது அவருடைய தலைமை அலுவலராக இருந்த ஜோனதன் பவல் 2012இல் ஒப்புக்கொண்டார். மின்னஞ்சல் கணக்கு ஒன்றை இருவர் பகிர்ந்துகொண்டு, கடிதத்தை அனுப்பாமல் வரைவாகவே விட்டுவைத்துப் படிப்பதும் இதே வேலைதான். இவற்றில் பொட்டலம் எங்கே இருக்கிறது?

என் பரிந்துரை: மறைவைப்பு. இடத்தைத் தனியாகச் சொல்ல வேண்டுமானால் மறைவைப்பிடம். ‘ஆவணத்தை மறைவைப்பில் இட்டார்’, ‘மறைவைப்பிலிருந்து எடுத்தார்’ என்று வாக்கியத்தில் சிரமம் இல்லாமல் உட்காருகிறது. மறை என்பது இரகசியம் என்ற பொருளில் ஒற்றாடல் அதிகாரத்தின் கடைசிக் குறளிலேயே வருகிறது. வைப்புக்கும் ஆதரவு உண்டு, ‘பொருள்வைப் புழி’ என்று ஈகை அதிகாரத்தில் படித்திருப்பீர்கள். வைக்கும் இடம் என்று பொருள்படும் வைப்புழி என்றே எடுத்துக்கொள்ளலாமே என்று ஆசைதான், ஆனால் செய்தித்தாளில் போட்டால் அச்சுப்பிழை என்று நினைப்பார்கள். நேரில் கொடுப்பதற்கு நேர்க்கைமாற்று. வெறுமனே கைமாற்று என்றால் கடன் கேட்பதாகிவிடும்.

அப்புறம், இந்த இழையில் யாரும் தொடாத ஒன்று. மறைவைப்பு தனியாக இயங்காது. பொருள் வைத்தாகிவிட்டது என்று மற்றவருக்குத் தெரிய வேண்டும், அதற்கு வேறோர் இடத்தில் அடையாளம் போடுவார்கள். அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏவில் இருந்துகொண்டு சோவியத்துக்கு வேலை பார்த்த ஆல்ட்ரிச் ஏம்ஸ் வாஷிங்டன் தெருமுனை அஞ்சல் பெட்டி ஒன்றில் சாக்பீஸால் கோடு போடுவார். 1994இல் அவர் கைதான பிறகு அந்தப் பெட்டி அருங்காட்சியகத்துக்கே போய்விட்டது. இந்த அடையாள இடத்துக்குச் ‘சிக்னல் சைட்’ என்று பெயர். சமிக்ஞைத் தளம் என்றெல்லாம் போக வேண்டாம். குறியிடம் என்ற சொல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது.

சிரிக்காதீர்கள். சங்க அகப்பாடல்களின் களவொழுக்கத்தில், அதாவது மணத்துக்கு முந்தைய மறைவான காதலில், தலைவனும் தலைவியும் ஊரார் கண்ணில் படாமல் சந்திக்கும் இடம் குறி. இரவில் என்றால் இரவுக்குறி, பகலில் என்றால் பகற்குறி. வந்திருப்பதைத் தெரிவிக்கத் தலைவன் ஓசை எழுப்புவான், நீரில் எதையாவது போடுவான், பறவையைக் கலைப்பான். சில நேரம் அதே ஓசை தானாக எழும். காய் தானாக நீரில் விழும், தலைவி அவன்தான் என்று நினைத்து வந்து ஏமாந்து போவாள். இதற்குத் தொல்காப்பியம் ஒரு பெயர் வைத்திருக்கிறது: அல்லகுறிப்படுதல். ஒற்றர் தொழிலில் இது அன்றாடத் தொல்லை. தெருப்பிள்ளைகள் கிறுக்கிய கோட்டைப் பார்த்துவிட்டு, இல்லாத பொட்டலத்தைத் தேடிப் போகிற நிலைமைக்கு இதைவிடச் சரியான சொல் எந்த மொழியில் கிடைக்கும்?

எதிரி வேண்டுமென்றே போடும் குறியை மட்டும் அல்லகுறி என்று சொல்லக் கூடாது, அதற்குப் பொய்க்குறி என்று தனியாக வைத்துக்கொள்வோம். இந்தப் பிரிவு தேவைதான். சோவியத் படைத்துறை உளவு அலுவலர் ஒலெக் பெங்கோவ்ஸ்கி மேற்குலகுக்குத் தகவல் தந்தவர். மாஸ்கோ கட்டடம் ஒன்றின் வாசல் கூடத்தில், சூடேற்றும் குழாய்க்குப் பின்னால் தீப்பெட்டியைச் செருகிவைப்பது ஏற்பாடு. 1962 அக்டோபரில் அவர் கைதாகிவிட்டார். நவம்பர் தொடக்கத்தில் குறி விழுந்தது. எடுக்கப் போன அமெரிக்கத் தூதரக அலுவலரை அங்கேயே பிடித்துக்கொண்டார்கள். இது அல்லகுறி இல்லை, பொய்க்குறி.

பழைய சொல் கிடைக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் தூக்கிவரவும் கூடாது. ஒற்றர் தன்னை மறைக்கப் பூணும் தோற்றமான ‘கவர்’ என்பதற்குக் குறளிலிருந்து ‘கடாஅ உரு’, ‘படிவம்’ இரண்டையும் ஒருவர் முன்மொழிந்திருந்தார். யாரும் ஐயப்படாத தோற்றம், துறவி வேடம் என்று பொருள் கச்சிதமாகத்தான் பொருந்துகிறது. ஆனால் இன்றைக்குக் கடா என்றால் ஆட்டுக்கடா, படிவம் என்றால் வங்கியில் நிரப்பிக் கொடுப்பது. ‘வணிகர் போர்வையில் வந்த ஒற்றர்’ என்று எல்லோரும் எழுதிக்கொண்டுதானே இருக்கிறோம்? போர்வையே இருக்கட்டும். தூதரகப் போர்வை, தூதரகம் சாராப் போர்வை என்று பிரித்துக்கொள்ளலாம்.

‘மோல்’, ‘டபுள் ஏஜென்ட்’ இரண்டுக்கும் இரட்டை உளவாளி என்றே ஊடகங்கள் எழுதுகின்றன, அதைத் திருத்தியாக வேண்டும். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனுக்காக, ஜெர்மனிக்கு வேலை செய்வதாக நடித்து, இல்லாத ஒற்றர்கள் இருபத்தேழு பேரைக் கற்பனையிலேயே வளர்த்த ஹுவான் புஜோல் கார்சியா இரட்டை ஒற்றர். 1944இல் ஜெர்மனி அவருக்கு இரும்புச் சிலுவையும், பிரிட்டன் தன் பங்குக்கு ஒரு விருதும் கொடுத்தன. கிம் ஃபில்பி அப்படி இல்லை. சோவியத் ஆளாகவே பிரிட்டிஷ் உளவுத்துறைக்குள் நுழைந்து மேலே ஏறியவர். அவர்தான் ‘மோல்’, அவரை உள்ளொற்றர் என்று சொல்லலாம். ‘மோல்’ என்ற விலங்கின் பெயரை அப்படியே பெயர்த்து அகழெலி என்பது வேண்டாம், தோட்டக்கலைக் குழுமத்துக்கு விட்டுவிடுவோம்.

ஒற்றரை ஏவி நடத்துகிற ‘ஹேண்ட்லர்’ மட்டும் இன்னும் பிடிகொடுக்கவில்லை. கையாளர் என்ற பரிந்துரைக்கு என் எதிர்ப்பைப் பதிவு செய்கிறேன். கையாள் என்றால் ஏவிய வேலையைச் செய்கிறவன், இங்கோ ஏவுகிறவருக்குப் பெயர் தேடுகிறோம். ஒற்றாளர் என்றால் ஒற்றரையே சொல்வதுபோல் ஆகிவிடும். ஒற்றர் பொறுப்பாளர் என்று தற்காலிகமாக எழுதிவருகிறேன், நீளம்தான் குறை. இதைவிடக் குட்டையாக யாரிடமாவது இருக்கிறதா?