ரெட்ரோநேசல் மணத்துக்கு ‘மிடற்றுமணம்’: வெனிலா தேநீர் மதிப்பீட்டுத் தாளை முன்வைத்து

நண்பர்களுக்கு வணக்கம்.

மணமூட்டிய தேநீரைச் சுவைத்து மதிப்பிடுவதற்கான தாளைத் தமிழில் ஆக்கிக்கொண்டிருக்கிறேன். பெரும்பாலான கட்டங்களுக்குச் சொல் தானாகவே வந்து உட்கார்ந்துவிட்டது. உலர் இலை, ஊறிய இலை, வடிநீர், நிறம், துவர்ப்பு, பின்சுவை. இவற்றில் யாருக்கும் மனத்தாங்கல் இருக்காது என்று நினைக்கிறேன். ‘லிக்கர்’ என்பதை வடிநீர் என்று எழுதியதற்கு மட்டும் ஒரு காரணம் சொல்லிவிடுகிறேன். தேயிலைக்காரர்கள் ஊறி வடித்த தேநீரைத்தான் லிக்கர் என்கிறார்கள். அதை அப்படியே எடுத்துக்கொண்டால் நம் காதில் மது என்றுதான் விழும். வடிநீரில் அந்தக் குழப்பம் இல்லை.

என்னை நிறுத்திவைத்தது, வாயின் பின்வழியாக மூக்கை எட்டும் மணத்தைக் குறிக்கும் ரெட்ரோநேசல் என்ற சொல்தான். இந்த மடல் முழுக்க அதைப் பற்றியது.

முதலில் பொருளைக் கையில் எடுத்துப் பார்ப்போம். சர்க்கரையும் பாலும் சேர்க்காத வெனிலா தேநீர் ஒரு கோப்பை எடுத்துக்கொள்ளுங்கள். மூக்கை இரண்டு விரல்களால் இறுக்கிப் பிடித்தபடி ஒரு மிடறு குடியுங்கள். நாக்கில் துவர்ப்பு இருக்கும், கொஞ்சம் கைப்பு இருக்கும், சூடு இருக்கும். வெனிலா இருக்காது. எங்கே போயிற்று என்று தேடினாலும் கிடைக்காது. விழுங்கிவிட்டு விரலை எடுங்கள். அடுத்த மூச்சு வெளியே வரும்போது வாய் முழுக்க வெனிலா நிறைந்துவிடும். அந்த நொடியில் கோப்பை மேசைமேல் இருக்கிறது. வெளியிலிருந்து எதையும் நீங்கள் முகரவில்லை. மணம் வாயின் பின்பக்கமாக, அண்ணத்துக்கு மேலே ஏறி, உள்வழியாக மூக்கை எட்டியிருக்கிறது. ஆனால் மூளை அதை மூக்கில் நடந்ததாகச் சொல்வதில்லை, வாயில் நடந்ததாகச் சொல்கிறது. மணம் இப்படி இருவழிப் புலன் என்பதையும், அதனால் சுவையோடு அது குழம்பிப்போவதையும் 1982-இல் உளவியலாளர் பால் ரோசின் ஒரு கட்டுரையில் விரிவாக எழுதினார். ஒரே மணப்பொருள்தான், வந்த வழி வேறு, அனுபவமும் வேறு.

அந்த உள்வழி மணத்துக்குத்தான் தமிழில் ஒரு சொல் தேவை.

இதற்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். வேண்டும். எங்கள் மேசையில் நடந்ததையே சொல்கிறேன். சென்ற முறை நான்கு பேர் சேர்ந்து ஒரே வடிநீரை மதிப்பிட்டோம். தாளில் ‘இனிப்பு’ என்று ஒரு கட்டம் இருந்தது. என்னையும் சேர்த்து மூன்று பேர் அதில் நல்ல மதிப்பெண் போட்டிருந்தோம். அந்தக் கோப்பையில் சர்க்கரை ஒரு துகள்கூட இல்லை. நாங்கள் பொய் சொல்லவில்லை, வாயில் ஏதோ ஒன்று இனிமையாக நடந்தது உண்மை. அதை எழுத வேறு கட்டம் இல்லாததால் இனிப்பில் எழுதிவிட்டோம். வெனிலாச் சாற்றை ஒரு சொட்டு நாக்கில் விட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது இனிக்காது, கைக்கும். வெனிலாவை எப்போதும் இனிப்புப் பண்டங்களோடு சேர்த்தே சாப்பிட்டுப் பழகியதால், அந்த மணம் வந்ததும் மூளை இனிப்பையும் கூட்டிக்கொண்டு வருகிறது. மதிப்பிடுபவர் இந்த இரண்டையும் பிரிக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். பிரித்தபின் எழுதுவதற்குச் சொல்லும் இருக்க வேண்டும். வெனிலாவின் முதன்மை மணப்பொருளான வெனிலினை 1858-இல் தனியே பிரித்தெடுத்துவிட்டார்கள், 1874-இல் ஆய்வகத்திலேயே ஆக்கிவிட்டார்கள். பொருளுக்குப் பெயர் வந்து இத்தனை காலமாகியும், அது வாய்க்குள் செய்கிற வேலைக்கு நம்மிடம் பெயர் இல்லை.

சரி, இந்தச் சொல்லுக்கு நண்பர்களிடமிருந்து இதுவரை வந்த பரிந்துரைகளைப் பார்ப்போம்.

‘பின்மணம்’ என்பதுதான் முதலில் வந்தது. எளிய சொல். நானும் சில நாள் அதையே எழுதிப் பார்த்தேன். சிக்கல் என்னவென்றால் ‘பின்’ இடத்தையும் குறிக்கும், காலத்தையும் குறிக்கும். தாளில் ஏற்கெனவே பின்சுவை இருக்கிறது, அங்கே பின் என்பது காலம், அதாவது விழுங்கியபிறகு தங்குவது. பக்கத்திலேயே பின்மணம் என்று எழுதினால் படிப்பவர் அதையும் காலமாகத்தான் எடுத்துக்கொள்வார். வெனிலாவில் இது சின்னக் குழப்பமாக நிற்காது. எலுமிச்சை இனத்துப் பெர்கமாட்டின் மணம் சூடான கோப்பையிலிருந்து முந்திக்கொண்டு எழும். வெனிலின் அப்படி எளிதில் ஆவியாகும் பொருள் அன்று, அதன் கொதிநிலை ஏறத்தாழ 285 டிகிரி செல்சியஸ். அதனால் அது மெதுவாக வருகிறது, வந்தபின் நெடுநேரம் தங்குகிறது. உள்வழியாக வரும் மணம், பிந்தி வரும் மணம், தங்கிப்போகும் மணம் ஆகிய மூன்றும் வெனிலா தேநீரில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன. அவற்றைப் பிரிப்பதற்காகத்தான் சொல் தேடுகிறோம், மறுபடி கலக்கும் சொல் உதவாது.

‘உள்மூக்கு மணம்’ துல்லியமானது. ஆனால் உடற்கூற்றுப் பாடத்தில் இருக்க வேண்டிய சொல் அது. கோப்பையைக் கையில் வைத்திருப்பவர் வாயில் வராது.

‘வாய்மணம்’ வேண்டவே வேண்டாம். கேட்டதும் வாய் நாற்றம்தான் நினைவுக்கு வருகிறது. நாற்றம் என்ற சொல்லே ஒரு காலத்தில் நல்ல மணத்தையும் சேர்த்துக் குறித்தது. “சுவைஒளி ஊறுஓசை நாற்றம்” என்று ஐம்புலனையும் அடுக்கும் 27-ஆம் குறளில் அது வெறும் மணம்தான். இன்று அதை மீட்டுக்கொண்டுவர முடியாது, அந்தப் போராட்டத்தைத் தேநீர்க் கோப்பையில் தொடங்கவும் வேண்டாம்.

‘தொண்டைமணம்’ என்று அம்மா ஒருவர் எழுதியிருந்தார். இடத்தைச் சரியாகப் பிடித்திருக்கிறார். என் சொல்லும் அங்கிருந்துதான் பிறந்தது, அதற்கு அவருக்கு நன்றி. ஆனால் தொண்டை என்றாலே கட்டியது, கரகரத்தது, வறண்டது என்று உடல்நலக் குறைகள்தான் கூட வருகின்றன. அதே இடத்துக்குத் தமிழில் இன்னொரு பெயர் உண்டு: மிடறு.

மிடறு என்றால் தொண்டை. மிடறு என்றால் ஒரு முறை விழுங்கும் அளவும்தான். ஒரு மிடறு தண்ணீர், இரண்டு மிடறு தேநீர் என்று இன்றும் எழுதுகிறோம். இடம், செயல், அளவு மூன்றும் ஒரே சொல்லில் இருக்கின்றன. ரெட்ரோநேசல் என்ற சொல் மூக்கின் பின்புறம் என்ற திசையை மட்டும் சொல்கிறது. மிடறு அந்த மணம் எப்போது எழுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது, விழுங்கும்போது, விழுங்கிய வாயோடு. அதனால் என் பரிந்துரை மிடற்றுமணம். வயிறு வயிற்றுவலியில் வயிற்று ஆவதுபோல மிடறு மிடற்று ஆகிறது, புணர்ச்சியில் எந்த இடறலும் இல்லை.

எனக்கு இன்னும் பெரிய மகிழ்ச்சியைத் தந்தது தொல்காப்பியம். எழுத்தொலிகள் எப்படிப் பிறக்கின்றன என்று பிறப்பியல் சொல்லும் இடத்தில், உந்தியிலிருந்து எழும் வளி “தலையினும் மிடற்றினும் நெஞ்சினும்” நிலைபெறுவதாகச் சொல்லிவிட்டு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்று தொடர்கிறது. ங, ஞ, ண, ந, ம, ன சொல்லும்போது மூச்சு எந்த வழியாக மூக்குக்குப் போகிறதோ, அதே வழியாகத்தான் தேநீரின் மணமும் போகிறது. ‘ம்ம்ம்’ என்று வாயை மூடிச் சொல்லிக்கொண்டே விழுங்கிய தேநீரைக் கவனியுங்கள், வெனிலா கூடித் தெரியும். ருசியானதைச் சாப்பிட்டதும் ‘ம்ம்’ என்று ஒலி தானாக வருவது இதனால்தானோ என்று எனக்கு ஒரு எண்ணம் உண்டு. அதை நிறுவ என்னிடம் எதுவும் இல்லை, எண்ணமாகவே விட்டுவிடுகிறேன்.

இனி, வரக்கூடிய மறுப்பு ஒன்று. தொழில்முறைச் சுவைஞர்கள் தேநீரை விழுங்குவதில்லை. கரண்டியிலிருந்து சர்ரென்று காற்றோடு உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றி, படிக்கத்தில் துப்பிவிடுகிறார்கள். விழுங்காதபோது மிடறு எங்கே வந்தது? நியாயமான கேள்வி. அந்த ‘சர்ர்’ என்ற உறிஞ்சல் தேநீரை நுண்துளிகளாக்கி வாயின் கடைசி வரை தெளிக்கிறது. துப்பியபின் விடும் மூச்சு மிடற்றைக் கடந்துதான் மூக்குக்கு வருகிறது. ஆகவே இடம் என்ற பொருளில் மிடறு அப்போதும் பொருந்தும். கூடவே என் சொந்தத் தீர்ப்பையும் சொல்கிறேன்: வெறும் தேயிலையை மதிப்பிடும்போது துப்புவது சரி, வெனிலா தேநீரில் கடைசியாக ஒரு மிடறாவது விழுங்கியே ஆக வேண்டும். விழுங்காமல் போட்ட மதிப்பெண்ணை நான் நம்புவதில்லை, குடிப்பவர் துப்பப் போவதில்லையே.

சொல்லுக்கு ஓர் இணையும் வேண்டும். வெளியிலிருந்து மூக்கால் இழுக்கும் மணத்தை வெறுமனே ‘மணம்’ என்று விட்டால், மிடற்றுமணம் அதன் ஒரு வகை என்று ஆகிவிடும். இரண்டும் சம வரிசையில் நிற்க வேண்டியவை. அதற்கு ‘முகர்மணம்’ என்று எழுதுகிறேன். ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை. முகர்மணம், மிடற்றுமணம் என்று அடுத்தடுத்து வைத்துப் படித்தால் விளக்கக் குறிப்பு தேவைப்படவில்லை. இரண்டு பேரிடம் தாளை மட்டும் கொடுத்துப் பார்த்தேன், இருவரும் கேட்காமலே சரியாக நிரப்பினார்கள்.

கலைச்சொல் வாக்கியத்துக்குள் புழங்கினால்தான் நிற்கும். நேற்று மூன்று கோப்பைகளுக்கு எழுதியதை அப்படியே தருகிறேன். ஊறல் முறை, சுவைத்து மதிப்பிடத் தேநீர் ஊறவைப்பதற்கான பன்னாட்டுத் தரநெறியான ஐஎஸ்ஓ 3103-இல் உள்ளதுதான்: 100 மில்லிலிட்டர் நீருக்கு 2 கிராம் இலை, 6 நிமிடம். இது குடிக்க இதமான தேநீர் போடும் முறை அன்று, ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான முறை. துவர்ப்பு தூக்கலாகத்தான் இருக்கும்.

முதல் கோப்பை, மணமூட்டாத அதே தேயிலை: “முகர்மணம் மால்ட் (முளைகட்டி வறுத்த தானியம்) சாயல். துவர்ப்பு துடிப்பானது, பல் ஈறுகளில் பிடிக்கிறது. மிடற்றுமணம் மெலிது, விரைவில் அடங்குகிறது.”

இரண்டாவது: “உலர் இலையைத் திறந்ததும் வெனிலா பாய்கிறது. வடிநீரில் முகர்மணம் பாதியாகிவிட்டது. மிடற்றுமணம் ஒற்றைத் தந்தி, ஏறி உடனே இறங்குகிறது. துவர்ப்பு தனியே நிற்கிறது, வெனிலா அதைத் தொடவில்லை.”

மூன்றாவது: “உலர் இலையில் அடக்கம். முகர்மணம் மிதம். மிடற்றுமணம் நெடிது, மரச்சாயல், புகைச்சாயல் கலந்தது, துவர்ப்பின்மேல் படர்ந்து அதை மழுக்குகிறது. இனிப்பு இல்லை.”

இரண்டாவதையும் மூன்றாவதையும் பாருங்கள். உலர் இலையை மட்டும் முகர்ந்து பரிசு கொடுத்திருந்தால் இரண்டாவதுதான் வென்றிருக்கும். மிடற்றுமணம் என்ற கட்டம் வந்தபின் மூன்றாவது மேலே போய்விட்டது. வெனிலா நெற்றில் வெனிலின் மட்டும் இல்லை, அதோடு நூற்றுக்கணக்கான மணப்பொருள்கள் இருக்கின்றன. செயற்கை மணத்தில் பெரும்பாலும் வெனிலினோ, அதைவிடச் சில மடங்கு உறைக்கும் எத்தில் வெனிலினோதான் முன்னால் நிற்கும். மூன்றாவது கோப்பையில் நெற்றுதான் இருந்தது என்று வாயை மட்டும் வைத்துச் சத்தியம் செய்ய மாட்டேன். அந்த அகலம் எங்கே தெரிந்தது என்று கேட்டால் மட்டும் தயங்காமல் சொல்வேன், மிடற்றில்.

அப்புறம், பால் சேர்த்து மதிப்பிடுவதைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். பாலின் புரதங்கள் தேநீரின் துவர்ப்புப் பொருள்களையும் பிடித்துக்கொள்ளும், வெனிலினையும் ஓரளவு பிடித்துக்கொள்ளும். ஆகவே பால் சேர்த்த கோப்பைக்குத் தனித் தாள், தனி வரிசை. இரண்டையும் ஒரே வரிசையில் வைத்து எண்ணை ஒப்பிட வேண்டாம்.

பொட்டலங்களில் ‘வெனிலா சுவையூட்டிய தேநீர்’ என்று எழுதுவதையும் ‘வெனிலா மணமூட்டிய’ என்று மாற்ற வேண்டும் என்பது என் ஆசை. மேலே சொன்ன மூக்கு மூடும் சோதனையே அதற்குச் சான்று, ஊட்டியது மணத்தைத்தான். மல்லிகைப் பூவோடு அடுக்கி வைத்து இலையில் மணம் ஏறவிடுவதை ‘மணமேற்றிய’ என்று தனியே சொல்லலாம். ஒன்றில் மணம் தானாக ஏறுகிறது, மற்றொன்றில் நாம் சாறு தெளித்து ஊட்டுகிறோம். ஃப்ளேவர் என்ற முழுச்சொல்லுக்கு, அதாவது சுவையும் மிடற்றுமணமும் வாயின் தொடுவுணர்வும் சேர்ந்த மொத்தத்துக்கு, ‘மணச்சுவை’ என்று இப்போதைக்கு எழுதி வைத்திருக்கிறேன். அதில் எனக்குப் பிடிவாதம் இல்லை.

மிடற்றுமணத்தில் பிடிவாதம் உண்டு. மறுப்பவர்கள் தயவுசெய்து கையில் கோப்பையை வைத்துக்கொண்டு, மூக்கை மூடித் திறந்து பார்த்துவிட்டு எழுதுங்கள். அந்த நொடியில் வாயில் வேறு சொல் வந்தால் அதைக் கேட்க ஆவலாக இருக்கிறேன்.

இன்னும் ஒரு கட்டம் காலியாகவே இருக்கிறது: தேயிலைக்காரர்கள் ‘பாடி’ என்கிறார்களே, அது. வடிநீர் நாக்கின்மேல் உட்காரும் நிறைவு. ‘கனம்’ என்றால் எடை ஆகிறது, ‘திண்மை’ என்றால் கட்டி ஆகிறது, ‘கெட்டி’ என்றால் கஞ்சி நினைவு வருகிறது. ‘செறிவு’ கிட்டத்தட்டச் சரி, ஆனால் வேதியியலில் அதற்கு ஏற்கெனவே வேறு வேலை இருக்கிறது. அடுத்த மடலில் அதை எடுத்துக்கொள்ளலாமா?

அன்புடன்.